கேட்டுப் பார்க்கலாம்: ஃப்ரீ ஜாஸ் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் "இந்த மாதம் என்ன கேட்டீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, ஆர்னெட் கோல்மன் என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞரின் 'ஃப்ரீ ஜாஸ்' இசைத்தட்டு என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். முன்பே வகுத்த சுற்றும் கட்டும் இல்லாமல், அப்போதைக்கு அப்போது தோன்றியதை ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கிற ஜாஸ் வகைக்கும் அதே பெயர்தான். அதைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் கோபமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, கேட்டுவிட்டுக் கோபப்படுகிறவர்களோடு பேச நிறைய இருக்கிறது. மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

*

கேள்வி: லீவுக்கு வந்த என் மகன் உங்கள் பதிலைப் படித்துவிட்டு அந்த ரெக்கார்டை போனில் தேடி ஹாலில் சத்தமாக வைத்தான். ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று ஊதுகிறார்கள், அடிக்கிறார்கள். பத்து நிமிடத்தில் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. இதைச் சங்கீதம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இவர்களுக்கு ஒழுங்காக வாசிக்கத் தெரியுமா, தெரியாதா?

(பள்ளி ஆசிரியை, திருமங்கலம்)

அம்மா, தப்பு என்னுடையது. யானைமலையில் படி தேடிக் காட்டாமல் வழுக்குப் பாறையில் ஏறச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அந்த ரெக்கார்டு முதலில் கேட்க வேண்டியது இல்லை. 1960 டிசம்பர் 21 அன்று நியூயார்க்கில் எட்டுப் பேரைக் கூட்டி, நான்கு நான்கு பேராக இரண்டு குழுவாகப் பிரித்து, நடுவில் நிறுத்தாமல் 37 நிமிடம் வாசித்த ஒரே வாசிப்பு அது. கோல்மனின் குழு இடது ஸ்பீக்கரில் கேட்கும், இன்னொரு குழு வலது ஸ்பீக்கரில். போனின் ஒற்றை ஸ்பீக்கரில் ஹாலில் வைத்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்து கூழாகிவிடும். தலை வலித்ததில் ஆச்சரியமே இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் அரசரடியில் ஒரு நண்பனின் அறையில், யாரோ எங்கிருந்தோ பதிந்து கொண்டுவந்த கேசட்டில் கோல்மனை முதலில் கேட்டேன். ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. நிறுத்தச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம். அதற்கு அடுத்த சித்திரையில் எதிர்சேவை அன்று தல்லாகுளம் பெருமாள் கோயில் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். ஒரு மண்டகப்படிப் பந்தலில் நாகஸ்வரமும் தவிலும். எதிரே கருப்பசாமி வேடம் போட்டவர்களுக்கு முன்னால் உறுமியும் தப்பும். குழாய் ஸ்பீக்கரில் அழகர் வர்ணிப்பு. தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் கூச்சல், சேகண்டி, பலூன்காரரின் ஊதல், எல்லாம் ஒரே நேரத்தில். யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. என் பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா மட்டும் கண்ணை மூடி உறுமிக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். உறுமி நின்றால் தலையும் நின்றது, அது திரும்பத் தொடங்கினால் தலையும் ஆடியது. அத்தனை சத்தத்துக்குள் அவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார், மற்றதெல்லாம் அதைச் சுற்றி நின்றுகொண்டது. அந்த ராத்திரி வீட்டுக்குப் போனதும் நண்பனை எழுப்பி அந்தக் கேசட்டை வாங்கி வந்தேன்.

ஆகவே நான் சொல்லக்கூடிய வழி இதுதான். எட்டுப் பேரையும் கேட்காதீர்கள். ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நான் பேஸைப் பிடிப்பேன், அதாவது ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்தப் பெரிய தந்தி வாத்தியம், விரலால் இழுத்து வாசிப்பது. ஐந்து நிமிடம் அதோடு மட்டும் நடங்கள். அதற்குள் இன்னொருவர் தானாகக் காதில் விழுவார், இவர் ஒன்று சொன்னதும் அவர் அதையே கொஞ்சம் திருப்பிச் சொல்வார், மூன்றாவது ஆள் குறுக்கே வருவார். மண்டகப்படி மேளங்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு வாசிப்பதில்லை. இந்த எட்டுப் பேர் கேட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அது, அதைக் காது பிடிக்கிற அன்றைக்குத்தான் இந்த இசை திறக்கிறது. இன்னொன்றும் உண்டு. அந்த 37 நிமிடமும் ஒரே குழப்படி இல்லை. ஒவ்வொருவருக்கும் முறை வருகிறது, ஒரு முறைக்கும் அடுத்ததற்கும் நடுவில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கிற, முன்பே எழுதிய சின்னப் பகுதிகள் வாசல்படி மாதிரி வரும்.

வாசிக்கத் தெரியுமா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி, அந்தக் காலத்தில் ஜாஸ்காரர்களே அப்படித்தான் கேட்டார்கள். பியானோ வாசித்த செசில் டெய்லர் பாஸ்டனின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் முறையாகப் படித்தவர். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் பழைய முறை ஜாஸில் மிகக் கடினமான கார்டுகளின் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) மேல் ஓடி முடித்துவிட்டு, அதன் பிறகு இந்தப் பக்கம் வந்தவர். அந்த எட்டுப் பேரில் வலது ஸ்பீக்கரில் பேஸ் கிளாரினெட் (அடிக்குரலில் ஊதும் கிளாரினெட்) வாசிக்கும் எரிக் டால்ஃபி எந்த ஆர்க்கெஸ்ட்ராவிலும் உட்காரக்கூடியவர். தெரியாமல் உளறியவர்கள் இல்லை அம்மா, தெரிந்ததை ஓரம் வைத்துவிட்டு வேறொன்றைத் தேடியவர்கள். தேடியது எல்லா நாளும் கிடைத்ததா என்றால், இல்லை. எனக்கே பிடிக்காத ஃப்ரீ ஜாஸ் ரெக்கார்டுகள் நிறைய இருக்கின்றன.

*

கேள்வி: எங்கே தொடங்கலாம்? வரிசை சொல்லுங்கள் அண்ணா. போனும் இயர்போனும்தான் இருக்கின்றன.

(கல்லூரி மாணவர், நாகமலை புதுக்கோட்டை)

இயர்போன் போதும் தம்பி. சொல்லப்போனால் இந்த இசைக்கு நல்லதும்கூட, இடது வலது பிரிந்து கேட்கும்.

முதலில் கோல்மனின் 'லோன்லி வுமன்'. 1959-ல் வந்த 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' தட்டில் முதல் பாட்டு. நான்கே பேர்: கோல்மன் சாக்ஸபோன், டான் செர்ரி கார்னெட் (ட்ரம்பெட் மாதிரி, கொஞ்சம் சின்னது), சார்லி ஹேடன் பேஸ், பில்லி ஹிக்கின்ஸ் டிரம்ஸ். டிரம்ஸ் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு மேல் சாக்ஸும் கார்னெட்டும் ஓர் அழுகையை மெதுவாக, அவசரமே இல்லாமல் இழுப்பார்கள். பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ஒருவர் சத்தமில்லாமல் அழுதால் எப்படி இருக்கும், அப்படி. ஃப்ரீ ஜாஸ் என்ற பேச்சையே மறந்துவிட்டு ஒரு பாட்டாகக் கேள். மூன்றாவது தடவையில் மெட்டு வாயில் வந்துவிடும்.

அந்தத் தட்டில் பியானோவும் கிட்டாரும் கிடையாது என்பதைக் கவனி. வழக்கமான ஜாஸில் ஒரு பாட்டுக்குரிய கார்டுகள் வரிசையாகச் சுற்றிச் சுற்றி வரும், அதற்குள்தான் தனி வாசிப்பு ஓட வேண்டும். கோல்மன் அந்தச் சுற்றையே எடுத்துவிட்டார். மெட்டு முடிந்ததும் அவர் எங்கே திரும்புகிறாரோ அங்கே ஹேடனின் பேஸும் திரும்பும். அவர் கையில் இருந்த சாக்ஸ் வெள்ளை நிற பிளாஸ்டிக்கால் ஆனது, உலோக சாக்ஸ் வாங்கப் பணம் இல்லாத காலத்தில் வாங்கியது. அதன் குரல் கொஞ்சம் வறண்டு, மனிதர் பேசுகிற மாதிரி இருக்கும். 1959 நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் என்ற சின்ன இடத்தில் இந்த நால்வரும் வாசிக்கத் தொடங்கினார்கள். ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஆர்க்கெஸ்ட்ரா நடத்துனர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் கொண்டாடினார், ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸுக்குப் பிடிக்கவில்லை. 2007-ல் அதே கோல்மனுக்குப் புலிட்சர் பரிசு கொடுத்தார்கள். நடுவில் 48 வருடம்.

அடுத்து கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்', 1964 டிசம்பரில் பதிந்தது. இது முழு ஃப்ரீ ஜாஸ் இல்லை, அதன் வாசலில் நிற்கிறது. நாலு பகுதி, முப்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. கடைசிப் பகுதியை மட்டும் தனியாக ஒரு தடவை கேள். அதில் தாளம் கிடையாது. கடவுளுக்கு நன்றி சொல்லித் தானே எழுதிய ஒரு கவிதையை அவர் அசை அசையாக சாக்ஸில் வாசிக்கிறார், வாயைத் திறந்து ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல். தட்டின் உறையில் அந்தக் கவிதை இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகக் கூடவே போனால் உடம்பு சிலிர்க்கும். கோயிலில் நாகஸ்வரக்காரர் கீர்த்தனை வாசிக்கும்போது சாகித்யம் தெரிந்தவர்கள் வாய்க்குள் கூடவே பாடுவார்கள் இல்லையா, அதே வேலைதான்.

இந்த இரண்டையும் ஒரு மாதம் கேட்டுவிட்டு ஆல்பர்ட் அய்லர் என்ற சாக்ஸ் கலைஞரிடம் போ. 1964 ஜூலையில் பதிந்த 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி', மூன்று பேர்தான், அரை மணி நேரம்தான். 'கோஸ்ட்ஸ்' என்று ஒரு மெட்டு வரும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாடுகிற பாட்டு மாதிரி அத்தனை எளிமை. பிறகு அதே மெட்டை அவர் கிழிப்பார், கத்துவார், தேம்புவார், கடைசியில் அந்தப் பிள்ளைப் பாட்டு திரும்ப வரும். இராணுவ பேண்டில் வாசித்த மனிதர். 34 வயதில் நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவரில் பிணமாகக் கிடைத்தார். கோல்ட்ரேன் இறந்தபோது, 1967-ல், அவருடைய இறுதிச் சடங்கில் வாசித்தவர்கள் அய்லரும் கோல்மனும்தான். தான் இறந்தால் அவர்கள் வாசிக்க வேண்டும் என்று கோல்ட்ரேன் விரும்பியிருந்தார்.

அதற்கு மேல் செசில் டெய்லரின் 'யூனிட் ஸ்ட்ரக்சர்ஸ்', 1966. டால்ஃபியின் 'அவுட் டு லஞ்ச்', 1964. ஜெர்மனிக்காரர் பீட்டர் ப்ரோட்ஸ்மனின் 'மெஷின் கன்', 1968. கடைசியாகச் சொன்னதை வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் வை.

*

கேள்வி: நான் நாகஸ்வரம் வாசிப்பவன், நையாண்டி மேளத்துக்கும் போவேன், கோயிலுக்கும் போவேன். நீங்கள் சொன்னதைக் கேட்டேன். ராகம் இல்லை, தாளம் இல்லை, பிறகு என்னதான் மிச்சம்? நம் ஆலாபனையிலும் தாளம் கிடையாது, ஆனால் ராகம் கையைப் பிடித்துக்கொள்கிறது. இவர்களை எது பிடித்துக்கொள்கிறது?

(நாகஸ்வரக் கலைஞர், சோழவந்தான் பக்கம்)

ஐயா, வந்த கடிதங்களில் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது உங்களுடையதுதான். 'எது பிடித்துக்கொள்கிறது' என்பதை இவ்வளவு நேராக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்த வரையில் மூன்று பிடிகள் இருக்கின்றன. முதலாவது கூட வாசிக்கிற ஆள். ஆலாபனையில் பாடகர் ஒரு பிடி விட்டால் வயலின்காரர் அதன் நிழலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார். அங்கே ராகம் இருவருக்கும் பொது. இங்கே அந்தப் பொதுச்சொத்து இல்லை, அப்போதைக்கு அப்போது ஒருவர் கொடுப்பதுதான் மற்றவருக்கு முதல். அதனால் கேட்பது இருமடங்காகிறது. கொஞ்சம் அசந்தால் கூட்டம் கலைந்துவிடும். மோசமான ஃப்ரீ ஜாஸில் நடப்பது அதுதான்.

இரண்டாவது, ஒலியே. உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீவாளியை உதடு எவ்வளவு அழுத்துகிறது, மூச்சு எவ்வளவு தள்ளுகிறது என்பதில் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் எத்தனை இடம் இருக்கிறது என்பது உங்கள் வாய்க்குத் தெரியும். சாக்ஸபோனிலும் நாணல்தான், உங்களுக்கு இரட்டை, அவர்களுக்கு ஒற்றை. நமக்குப் பிசிறு என்றால் குற்றம். அது வந்துவிட்டால் ஆசிரியர் முறைப்பார். அய்லரும் ஃபாரோ சாண்டர்ஸ் என்ற சாக்ஸ் கலைஞரும் அந்தப் பிசிறையே எடுத்துப் பழக்கினார்கள். வேண்டிய நேரத்தில், வேண்டிய உயரத்தில், வேண்டிய அளவுக்கு அலற வைத்தார்கள். ஒரே ஊதலில் இரண்டு மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து வெடிக்கும்படி செய்தார்கள். ஒருவர் அப்படி ஓர் அலறலைப் பிடித்து, தேய்த்து, மெல்ல இறக்கி, மூச்சாக மாற்றி முடிக்கும்போது, அதற்குள் ஒரு பிருகாவுக்கு உண்டான அத்தனை வேலையும் இருக்கிறது.

மூன்றாவது, வேகம். தாளம் இல்லை என்றீர்கள், சரி. ஆனால் அலை இருக்கிறது. இதற்கு உங்களுக்கென்று ஒரு ரெக்கார்டு எடுத்து வைத்திருக்கிறேன்: கோல்ட்ரேனும் டிரம்ஸ்காரர் ரஷீத் அலியும் இரண்டே பேர் 1967 பிப்ரவரியில் வாசித்த 'இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்'. ஐந்து மாதத்தில் கோல்ட்ரேன் இறந்துவிட்டார், வயது 40. தட்டு வெளியானது 1974-ல்தான். நாகஸ்வரமும் தவிலும் மட்டும் மிஞ்சிய நடுராத்திரி மாதிரி இருக்கும். கோல்ட்ரேன் முதலில் சின்ன மணிகளைக் கையில் குலுக்குவார், பிறகு சாக்ஸை எடுப்பார். ரஷீத் அலி எண்ணிக்கை வைத்து அடிப்பதில்லை, எல்லாப் பக்கமும் உருட்டிக்கொண்டே இருப்பார், ஆனால் அந்த உருட்டல் ஏறுவதும் வடிவதும் கோல்ட்ரேனின் மூச்சோடுதான். தவில்காரரை அழைத்து வைத்துக் கேளுங்கள், உங்கள் இருவருக்கும் என்ன தோன்றியது என்று எனக்கு எழுதுங்கள். நான் எழுதியதைவிட அது உபயோகமாக இருக்கும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. நம் மேளத்தில் காலப்பிரமாணம் நழுவினால் அது அவமானம், இவர்களோ அந்த அவமானமே இல்லாத ஓர் இடத்தைக் கட்டினார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் உங்கள் கலைக்கும் மரியாதை இல்லை, அவர்கள் கலைக்கும் இல்லை. ஆனால் உங்கள் வாத்தியத்தைத் தேடி அங்கிருந்து ஆள் வந்திருக்கிறார். சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் நாகஸ்வரம் கற்று, எழுபதுகளில் தன் ரெக்கார்டுகளில் வாசித்திருக்கிறார்.

*

கேள்வி: ஒத்திகை பார்க்காமல் மேடையில் தோன்றியதை வாசிப்பது டிக்கெட் வாங்கியவரை ஏமாற்றுவது ஆகாதா?

(ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், எஸ்.எஸ். காலனி)

நீங்கள் மதுரை மணி ஐயரின் கற்பனாஸ்வரத்தை ரசிப்பதாகக் கடிதத்தின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அந்த மேடையில் பிறந்த ஸ்வரத்தைத்தானே ரசிக்கிறீர்கள் ஐயா? ஒத்திகை என்பது அந்த ஒரு மணி நேரத்துக்கானது இல்லை. செசில் டெய்லர் கச்சேரி கிடைக்காத வருடங்களில் பாத்திரம் கழுவிப் பிழைத்தார், பியானோவை மட்டும் விடவில்லை. அந்த வருடங்களெல்லாம் ஒத்திகைதான்.

*

கேள்வி: எங்கள் ஊரில் உறுமி அடிப்பவர்களுக்கும் தப்படிப்பவர்களுக்கும் திருவிழா சீசன் முடிந்தால் வேலை இல்லை. நீங்கள் அமெரிக்காவில் யாரோ அறுபது வருடத்துக்கு முன் போட்ட சத்தத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப் போகிறீர்கள். இது யாருக்கு?

(பெயர் வேண்டாம் என்றவர், உசிலம்பட்டி)

கோபம் சரியானது. ஆனால் 'சத்தம்' என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும்.

கோல்மன் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் 1930-ல் பிறந்தவர். இளவயதில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் ஒரு நடன நிகழ்ச்சியில் வாசித்த பிறகு வெளியே இழுத்துப் போட்டு அடித்து அவருடைய சாக்ஸை நாசம் செய்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் லிஃப்ட் இயக்கிப் பிழைத்தார், ஓய்வு கிடைத்தால் இசைப் புத்தகம் படித்தார். 1963 செப்டம்பர் 15 அன்று அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் குண்டு வைத்ததில் நாலு சிறுமிகள் இறந்தார்கள். இரண்டு மாதம் கழித்து கோல்ட்ரேன் 'அலபாமா' என்று ஐந்து நிமிடம் வாசித்தார். தயவுசெய்து அதை மட்டும் கேளுங்கள். பியானோ கீழே ஒரே இடத்தில் இரைந்துகொண்டிருக்க, சாக்ஸ் மெல்லச் சொல்லிச் சொல்லி நிறுத்தும். ஒப்பாரி பாடுகிறவர் ஒரு வரி பாடிவிட்டு மூச்சுக்கு நிற்கும் அந்த இடம் உங்கள் ஊரில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே இடம்.

அதற்கு முன்பே, 1960-ல், டிரம்ஸ்காரர் மேக்ஸ் ரோச் தன் மக்களின் விடுதலை பற்றி ஒரு தட்டு போட்டார். அதில் பாடகி ஆபி லிங்கன் ஒரு பகுதியில் வார்த்தையே இல்லாமல் கத்துகிறார், டிரம்ஸ் மட்டும் துணைக்கு. கேட்டவர்களில் பலருக்கு அது சங்கீதமாகவே படவில்லை. அந்த அலறலுக்குக் காரணம் இருந்தது. 1965-ல் சிகாகோவின் கறுப்பின இசைக்காரர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள், ஏஏசிஎம் என்று பெயர். கிளப்காரர்கள் மேடை தராவிட்டால் என்ன என்று தாங்களே இடம் பிடித்துக் கச்சேரி நடத்தினார்கள், அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார்கள். ரோஸ்கோ மிட்செலும் ஆன்டனி ப்ராக்ஸ்டனும் அங்கிருந்து வந்தவர்கள். ப்ராக்ஸ்டன் சாக்ஸை மட்டும் வைத்துக்கொண்டு, துணைக்கு ஒருவர்கூட இல்லாமல், இரண்டு தட்டு நிறைய வாசித்தார்.

தப்புக்கும் உறுமிக்கும் நம் ஊரில் எத்தனை தலைமுறையாக 'சத்தம்' என்ற பெயரை ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சாவுக்கு மட்டும் வா, வாசலுக்கு வெளியே நில் என்று சொன்னவர்கள்தான் அந்தப் பெயரையும் வைத்தார்கள். அடிக்கிறவரின் சாதியை வைத்து அவருடைய அடியைக் கேட்காமலே தள்ளினார்கள். அமெரிக்காவில் கறுப்பினக் கலைஞருக்கு நடந்ததும் இதற்கு வெகு தூரம் இல்லை. அந்தப் பேச்சைத் தொடங்கத்தான் இதை எழுதுகிறேன்.

வேலை இல்லை என்றீர்கள். உங்கள் பக்கத்தில் இப்போது அடித்துக்கொண்டிருக்கும் உறுமிக் குழுக்கள் பற்றி எழுதி அனுப்புங்கள், யார், எந்த ஊர், எத்தனை பேர், என்ன கூலி. அடுத்த இதழில் இந்தப் பக்கம் முழுவதையும் அவர்களுக்கே தர ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.

*

கேள்வி: சாக்ஸபோன் என்றால் எங்களுக்கு 'டூயட்' படமும் கத்ரி கோபால்நாத்தும்தான். இந்த ஃப்ரீ ஜாஸுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

(வாசகி, கே.கே. நகர்)

உண்டு. கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் பியானோவும் ஹார்ப்பும் வாசித்தவர். கணவர் போன பிறகு உடைந்துபோய்க் கிடந்தவருக்கு வழிகாட்டியாக வந்தவர் சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் 1914-ல் பிறந்த தமிழர், 1969-ல் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர். அவர் பெயரிலேயே ஆலிஸ் 1971-ல் ஒரு தட்டு வெளியிட்டார், 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. தம்புரா இரைய, பேஸ் ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்ல, அதன் மேல் ஹார்ப் தண்ணீர் மாதிரி விழும், ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸ் அதற்குள் நீந்தும். ஃப்ரீ ஜாஸ் என்ற பெயரைக் கேட்டாலே பயப்படுகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். ராத்திரி சமையல் முடித்து விளக்கை அணைத்த பிறகு வையுங்கள். பின்னாளில் ஆலிஸ் கலிஃபோர்னியாவில் ஆசிரமம் அமைத்து, பஜனைப் பாடல்களைத் தன் தேவாலயப் பாட்டோடு கலந்து பாடிக்கொண்டிருந்தார். கோல்ட்ரேன் தம்பதி ஒரு மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தது பண்டிட் ரவி சங்கரை நினைத்து. அந்த ரவியும் இன்று சாக்ஸபோன் கலைஞர்.

இன்றைக்கு என்றால் விஜய் ஐயர். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர், ஏஏசிஎம் வழியில் வந்த மூத்தவர்களோடு வாசித்தவர். ட்ரம்பெட் கலைஞர் வடாடா லியோ ஸ்மித்தோடு இரண்டே பேராக 2016-ல் வெளியிட்ட தட்டில் அமைதிக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கத்ரியும்கூட அமெரிக்க சாக்ஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு சேர்ந்து 2008-ல் 'கின்ஸ்மென்' என்று ஒரு தட்டு தந்திருக்கிறார். 'டூயட்'டில் கேட்ட அதே மூச்சு, சுற்றிலும் வேறு ஊர்.

*

கேள்வி: முழுசாக ஒரு மாதம் முயற்சி செய்தேன். கோல்மன், அய்லர், டெய்லர், யாரும் ஒட்டவில்லை. டிரம்ஸ் மட்டும் சில இடத்தில் நன்றாக இருந்தது. என் காதில்தான் குறையா?

(மெக்கானிக், வில்லாபுரம்)

குறை ஒன்றும் இல்லை. ஒரு மாதம் கேட்டிருக்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம். அதோடு விடையையும் நீங்களே எழுதிவிட்டீர்கள்: டிரம்ஸ். இன்ஜின் ஓசையை வைத்தே எது கோளாறு என்று கண்டுபிடிக்கிற காதுக்கு அடிதான் முதலில் பிடிக்கும். ஊதுகிறவர்களை எல்லாம் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். அந்த 37 நிமிட ரெக்கார்டின் கடைசிப் பகுதிக்குப் போங்கள், அங்கே எட் பிளாக்வெல்லும் பில்லி ஹிக்கின்ஸும் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். இயர்போனில் வலது காதில் பிளாக்வெல், இடது காதில் ஹிக்கின்ஸ். பிளாக்வெல் நியூ ஆர்லியன்ஸ்காரர், அந்த ஊர்த் தெரு ஊர்வலத்தின் நடை அவர் கையில் இருக்கும்.

பிறகு டிரம்ஸ்காரர் மில்ஃபோர்ட் கிரேவ்ஸ். மனித இதயத் துடிப்பைப் பதிவு செய்து, அது கடிகாரம் மாதிரி சீராக அடிப்பதில்லை, ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கிறது என்பதைக் கேட்டுக் கேட்டு, அதிலிருந்து தன் அடியை எடுத்தவர். 2021-ல் இதய நோயில்தான் இறந்தார், கடைசி நாட்களிலும் தன் நெஞ்சைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாசிப்பதைக் காணொளியாகவே பாருங்கள். கை, முழங்கை, கால் எல்லாம் தனித்தனியாகப் போகும். கடையில் வேலை இல்லாத ஒரு மதியத்தில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.